டிரைவ்வேயும் ஒரு பீக்கன் மரமும்

வீட்டு முன்னாடி கார் நிறுத்த கொஞ்சம் கான்கிரீட் போடறதுக்கு நாலு மாசம் ஆகும்னு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். ஆச்சு. போன வாரம் கடைசி இன்ஸ்பெக்‌ஷனும் முடிஞ்சு பர்மிட்டை மூடிட்டாங்க. மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சுடலாம்னு உட்கார்ந்திருக்கேன். ஆஸ்டின்ல பழைய வீடு வெச்சிருக்கற நம்ம மக்கள் யாருக்காவது உபயோகப்படலாம். மத்தவங்களுக்கு ஒரு கதை.

எங்களோடது 1940கள்ல கட்டின சின்ன வீடு. மனை 50க்கு 120, அதாவது 6,000 சதுர அடி. கட்டும்போதே டிரைவ்வே கிடையாது, அப்புறம் இருந்தவங்களும் போடலை. கார் தெருவுல நிக்கும். பதினோரு வருஷமா அதுல எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. வீட்டு எதிர்லயே இடம் கிடைச்சா அதிர்ஷ்டம், இல்லேன்னா நாலு வீடு தள்ளி நிறுத்திட்டு நடந்து வருவோம். நடக்கறது உடம்புக்கு நல்லதுதானே.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைஞ்ச அன்னிலேருந்துதான் அந்த நாலு வீட்டுத் தூரத்துக்கு அர்த்தம் மாறிடுச்சு. வயசு 78. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது, வாக்கர் வெச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் பிசியோதெரபி. தெருவுல காரை டபுள் பார்க் பண்ணி, அவங்களை இறக்கி, கர்ப் மேல வாக்கரை ஏத்தி, அதுக்கப்புறம் அவங்களை ஏத்தி, நடைபாதையைத் தாண்டி, புல்தரையில சாய்வா ஏறி வாசலுக்கு வரணும். பின்னாடி நிக்கற கார்க்காரன் ஹாரன் அடிக்க மாட்டான், அமெரிக்கால பொறுமையாத்தான் நிப்பான். ஆனா அந்தப் பொறுமையே அம்மாவுக்குத் தாங்கலை. "நம்மளால அவா எல்லாம் காத்துண்டு நிக்கறாடா"ன்னு பதறிப் பதறி நடப்பாங்க. ரெண்டு மாசம் போச்சு. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பலாம்னு கூப்பிட்டா, "நீங்க போயிட்டு வாங்கோ, எனக்கு இங்கேயே விளக்கேத்தினா போறும்"னுட்டாங்க. அடுத்த வாரமும் அதே. பிசியோவுக்கும் வேற வேற காரணம் வர ஆரம்பிச்சது.

தங்கமணிதான் சொன்னா: "ஏங்க, இது கால் வலி இல்லை. தெருவைப் பார்த்துப் பயம். கார் வாசல் வரைக்கும் வந்துட்டா அத்தை வெளியே வருவாங்க. டிரைவ்வே போடுங்க."

போடறதுன்னா சரி, ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். வந்தார், காலால அளந்தார், வீட்டோட இடது ஓரமா 10 அடி அகலத்துல ஒரே பலகையா ஊத்திடலாம்னார். கூடவே குரலைத் தாழ்த்தி, சனி ஞாயிறுல முடிச்சுட்டா பர்மிட்டே வேண்டாம், யார் பார்க்கப் போறா, விலையும் குறையும்னார். நம்மூர்க்காரன் காதுல இதெல்லாம் தேனா பாயற வார்த்தைதான். ஆனா பர்மிட் இல்லாம கர்ப்பை உடைச்சா நாளைக்கு உன் செலவுலயே திரும்பக் கட்டிக் குடுன்னு சொல்ல நகரத்துக்கு அதிகாரம் இருக்கு. வீட்டை விக்கும்போது வேற அது கிளம்பி வந்து முன்னாடி நிக்கும். "பர்மிட்டோடயே பண்ணுங்க"ன்னோம். ஒரு மாதிரி பார்த்துட்டு ஒரு படம் வரைஞ்சு குடுத்தார். அதை வெச்சு விண்ணப்பம் போட்டாச்சு.

அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "நம்மாத்து வாசல்ல கல்லு போட ஊரைக் கேக்கணுமா?"ன்னாங்க. கும்பகோணம் பக்கம் எங்க தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் வண்டி ஏத்த ஒரு ஸ்லோப் இருக்கும். சாக்கடை மேல கடப்பாக் கல்லைப் போட்டு, மேல சிமெண்டைப் பூசி, தெருவுக்குள்ள ரெண்டடி நீட்டி விட்டுடுவாங்க. யாரும் யாரையும் கேட்டதில்லை. ரோடு போடறவங்க பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே புதுசாப் போட்டுட்டுப் போனா, வீடு ஒரு படி கீழே இறங்கும், நாமளும் ஸ்லோப்பை ஒரு சாண் உசத்துவோம். பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தமிழ்நாட்டு அரசு சொன்னது அதனாலதான். நடந்து போறவங்க அந்த ஸ்லோப்களைச் சுத்திக்கிட்டு நடுத் தெருவுலதான் போகணும். கல்லுக்கு அடியில சாக்கடை அடைச்சுக்கிட்டா அதைத் தூர்வார ஆள் போக முடியாது, ஐப்பசி மழைக்கு மூணாவது வீட்டுத் தாத்தாவோட திண்ணையில தண்ணி நிக்கும். அதை யாரும் நம்ம ஸ்லோப்போட சேர்த்து நினைச்சதில்லை. மழை ஜாஸ்தின்னு சொல்லிக்குவோம்.

இந்த ஊர்ல முதல்ல தெரிஞ்சுக்கிட்ட விஷயம், வாசல் நம்மது இல்லைங்கறதுதான். கர்ப்லேருந்து உள்ளே 10 அடி வரைக்கும் நகரத்தோட நிலம். ரைட் ஆஃப் வேன்னு பேரு. 4 அடி புல், 4 அடி நடைபாதை, அதுக்கப்புறம் இன்னும் ரெண்டடி. அங்கேருந்துதான் எங்க மனையே ஆரம்பிக்குது. பதினோரு வருஷமா அந்தப் புல்லை வெட்டறது நான், தண்ணி விடறது நான், இலை கூட்டறது தங்கமணி. சொந்தக்காரர் நகரம். ஆக டிரைவ்வேன்னா ரெண்டு வேலை: அந்த 10 அடியில போடறது ஒரு விஷயம், அதுக்கு கர்ப்பை உடைக்கணும், மனைக்குள்ள போடறது இன்னொரு விஷயம், அதுக்கு வேற கணக்கு.

மூணாவது வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது. ரெண்டு கேள்வி. தண்ணி இறங்காத பரப்புக் கணக்கு எங்கே? படத்துல மரத்தைக் காணோமே, வானத்துலேருந்து எடுத்த போட்டோவுல பெரிசா தெரியுதே, அது என்ன மரம், எவ்வளவு பருமன்?

முதல் கேள்வியை முதல்ல பார்ப்போம். இம்பர்வியஸ் கவர்னு சொல்றாங்க. கூரை, கான்கிரீட், ஏ.சி. பெட்டி உட்கார்ந்திருக்கற மேடைன்னு மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்க விடாத பரப்பு எல்லாத்தையும் கூட்டணும். எங்க மாதிரி மனைகளுக்கு மொத்தம் 45 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. 6,000ல 45 சதவீதம்னா 2,700 சதுர அடி. ஜல்லி கொட்டி தப்பிச்சுடலாமேன்னு நினைச்சேன். கார் ஏறி இறங்கி இறுகிப் போற ஜல்லியும் கான்கிரீட் மாதிரிதானாம், அதுவும் கணக்குல வரும். பலகைக்கு நடுவுல இடைவெளி விட்ட மர டெக், கீழே மண்ணா இருந்தா, பாதிதான் கணக்கு. இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா நீச்சல் குளத்தோட தண்ணிப் பரப்பு கணக்குலயே சேராது! யோசிச்சுப் பார்த்தா நியாயம்தான், அதுல விழற மழை அதுலயே நிக்குது. இருந்தாலும் நீச்சல் குளம் கட்டறவனுக்குச் சலுகை, அம்மாவை இறக்கிவிட கான்கிரீட் போடறவனுக்குக் கணக்கான்னு ஒரு நாள் முழுக்கப் புலம்பிக்கிட்டிருந்தேன்.

டேப்பை எடுத்துக்கிட்டு நானும் பையனும் வீட்டைச் சுத்தி அளந்தோம். கூரையும் முன் திண்ணையும் சேர்த்து 1,900. பின்பக்க கான்கிரீட் தளம் 250. டெக் 200, அதுல பாதி 100. நடைவழி 120. தோட்டத்து ஷெட் 80. ஏ.சி. மேடை 9. ஆக மொத்தம் 2,459. பாக்கி 241 சதுர அடி. காண்ட்ராக்டர் போட்ட படத்துல மனைக்குள்ள 10க்கு 32, அதாவது 320. எழுபத்தொன்பது சதுர அடி இடிக்குது.

இந்த 45 சதவீதம்லாம் எங்கேருந்து வந்ததுன்னு கேட்டா ஆஸ்டின்காரங்க வெள்ளத்தைக் காட்டுவாங்க. இது நடு டெக்சஸ். மண்ணு கொஞ்சம், கீழே சுண்ணாம்புப் பாறை, மழை வந்தா மொத்தமா வரும். ஃபிளாஷ் ஃபிளட் ஆலின்னே இந்தப் பக்கத்துக்குப் பட்டப்பேர். 1981 மே 24 ராத்திரி, மெமோரியல் டே விடுமுறைக்கு முந்தின நாள், ஷோல் கிரீக்ங்கற ஓடை பொங்கி ஊருக்கு நடுவுல கார்களை அடிச்சுக்கிட்டுப் போச்சு. 13 பேர் செத்தாங்க. அந்த ஓடையை நீங்க சாதாரண நாள்ல பார்த்தா இதுல கால் நனையுமான்னு கேப்பீங்க. அப்புறம் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ், ஊருக்கு நடுவுல இருக்கற ஊற்று. வருஷம் பூரா ஒரே குளிர்ச்சி, சுமார் 20 டிகிரி செல்சியஸ். அதுக்குத் தண்ணி ஊறி வர்ற பகுதியில கட்டடத்தைக் கட்டுப்படுத்தணும்னு 1992ல ஊர் மக்களே ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டு வந்தாங்க. அந்தப் பகுதியில நம்ம 45லாம் கனவு, 15லேருந்து 25 சதவீதம்தான். எங்க வீடு அதுல வரலை, தப்பிச்சோம்.

எங்க 320 சதுர அடி என்ன பெரிய வெள்ளத்தைக் கொண்டு வந்துடும்னு தோணும். எனக்கும் தோணிச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலம் மழை பெஞ்சா 320 சதுர அடியிலேருந்து ஓடற தண்ணி கிட்டத்தட்ட 750 லிட்டர். இங்கே ஒரே ராத்திரியில அஞ்சு ஆறு அங்குலமும் பெய்யும். தெருவுல முப்பது வீடு இருக்கு. அப்பத்தான் மூணாவது வீட்டுத் தாத்தாவோட திண்ணை ஞாபகம் வந்தது.

இப்ப மரம். வீட்டு முன்னாடி ஒரு பீக்கன் மரம் நிக்குது. பீக்கன் டெக்சஸோட மாநில மரம், 1919லேருந்து. வாதுமை மாதிரி கொட்டை. நாங்க வந்த வருஷமே கூடை கூடையா கொட்டிச்சு. எங்க மரத்துக்கு வயசு என்னன்னு தெரியாது, ஆனா வீட்டுக்கு அக்கா மாதிரி இருக்கும். 2023 பிப்ரவரி ஆரம்பத்துல ஐஸ் மழை வந்தப்போ ஊர்ல ஆயிரக்கணக்குல கிளைங்க முறிஞ்சது. ராத்திரி பூரா துப்பாக்கி சுடற மாதிரி சத்தம், கரண்ட் கிடையாது, நாங்க எல்லாரும் ஒரே ரூம்ல. விடிஞ்சு பார்த்தா எங்க மரத்தோட பெரிய கை ஒண்ணு, தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. அதுக்கப்புறமும் துளிர்த்துச்சு.

எவ்வளவு பருமன்னு எழுதணும். தரையிலேருந்து நாலரை அடி உயரத்துல அளக்கணும்ங்கறது விதி. அம்மாகிட்ட தையல் டேப் வாங்கினேன், அது 60 அங்குலம்தான், எட்டலை. ஒரு கயித்தைச் சுத்தி எடுத்து அளந்தேன். சுற்றளவு 82 அங்குலம். பையையால வகுத்தா 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டிருந்த அம்மா, "மரத்தைச் சுத்தி என்னடா பிரார்த்தனை?"ன்னு கேட்டாங்க. :-)

பிரார்த்தனைதான் வேண்டியிருந்தது. ஆஸ்டின்ல 19 அங்குலத்துக்கு மேல விட்டம் இருந்தாலே பாதுகாக்கப்பட்ட மரம். ஓக், பீக்கன், எல்ம் மாதிரி சில ஜாதி மரங்க 24 அங்குலத்தைத் தாண்டிட்டா அது ஹெரிட்டேஜ் மரம், 2010ல வந்த சட்டம். அது உங்க சொந்த மனைக்குள்ள நின்னாலும் நீங்க இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வெட்டறது இருக்கட்டும், வேரைத் தொடவே கணக்கு இருக்கு. விட்டம் எத்தனை அங்குலமோ அத்தனை அடி ஆரத்துக்கு ஒரு வட்டம் போடணும். எங்களுக்கு 26 அடி. அதுதான் வேர் வட்டம். அதுல பாதி, 13 அடிக்குள்ள, நாலு அங்குலத்துக்கு மேல தோண்டவும் கூடாது, மண்ணு கொட்டவும் கூடாது. கால் பங்கு, ஆறரை அடிக்குள்ள கையே வைக்கக் கூடாது. எங்க டிரைவ்வேயோட ஓரத்துலேருந்து மரம் 9 அடி தூரம். காண்ட்ராக்டர் கணக்குப்படி அடியில ஜல்லி 4 அங்குலம், மேல கான்கிரீட் 4 அங்குலம், தோண்டறது 8 அங்குலம்.

அன்னிக்கு ராத்திரி எனக்கும் தங்கமணிக்கும் கொஞ்சம் வாக்குவாதம். மரமா அம்மாவான்னு நான் கேட்டுட்டேன். "அப்படிக் கேக்காதீங்க, அந்த மரம் இல்லேன்னா ஆகஸ்ட் மாசம் முன் ரூம்ல அத்தையால உட்கார முடியாது"ன்னா. உண்மைதான். 40 டிகிரி வெயில்ல அந்த ரூமைக் காப்பாத்தறது அந்த நிழல்தான்.

நகரத்துலேருந்து மரத்தைப் பார்க்க ஒருத்தர் வந்தார். மரங்களுக்குன்னே படிச்சவர், ஆர்பரிஸ்ட். கெடுபிடியா ஒரு ஆள் வரப்போறார்னு நினைச்சா, வந்தவர் முதல் பத்து நிமிஷம் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தார். 2023ல முறிஞ்ச இடத்தைப் பார்த்துட்டு, நல்லா ஆறிக்கிட்டு வருதுன்னார், டாக்டர் சொல்ற மாதிரி. அப்புறம் எதுக்கு டிரைவ்வேன்னு கேட்டார். திண்ணையில வாக்கரோட உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினேன். அவர் அம்மாவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், "முழுப் பலகை எதுக்கு? சக்கரம் போற இடத்துக்கு மட்டும் போட்டா போதாதா?"ன்னார்.

ரிப்பன் டிரைவ்வே. ரெண்டு பட்டை கான்கிரீட், நடுவுல புல். இங்கே ஹைட் பார்க் பக்கம் பழைய வீடுகள்ல நிறையப் பார்த்திருக்கேன். ஏதோ அந்தக் காலத்துச் சிக்கனம்னு நினைச்சுக்கிட்டுத் தாண்டிப் போயிருக்கேன். மாட்டு வண்டித் தடம் மாதிரிதான். ரெண்டு பட்டை, ஒவ்வொண்ணும் 2 அடி அகலம், 32 அடி நீளம். மொத்தம் 128 சதுர அடி. அம்மா இறங்கி நிக்க வாசல் பக்கத்துல 5க்கு 8 ஒரு மேடை, 40. ஆக 168. எங்ககிட்ட இருந்தது 241. மேடை மரத்துலேருந்து தள்ளி இருக்கு. பட்டைக்கு அடியில ஜல்லியைக் குறைச்சு, கம்பி போட்டு, நாலு அங்குலத்துக்கு மேல தோண்டாம முடிச்சுக்கலாம். இடது ஓரமா போறதுனால இன்னொரு வசதி: காரை நேரா உள்ளே விட்டா அம்மா உட்கார்ற வலது பக்கக் கதவு வீட்டைப் பார்த்துத் திறக்கும். முழுப் பலகையை விட இதுதான் வீட்டுக்கே அழகுன்னு தங்கமணி தீர்ப்பு சொல்லிட்டா. மாத்தி வரைஞ்சு திரும்பப் போட்டோம்.

எதிர் வீட்டம்மாவைப் பத்தி இங்கே சொல்லணும். எழுபதைத் தாண்டினவங்க, ரிட்டயர்டு டீச்சர், தனியா இருக்காங்க. பின்னாடி இருக்கற சின்ன வீட்டை வாடகைக்கு விட்டிருக்காங்க, அவங்க டிரைவ்வேல குடித்தனக்காரர் கார்தான் நிக்கும். அவங்க கார் எப்பவும் எங்க வீட்டு முன்னாடி. எனக்கு முந்தியே இருபது வருஷமா அங்கேதான் நிறுத்தறாங்க. டிரைவ்வே போட அவங்க சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் சொல்லாம செய்யறது மரியாதை இல்லையேன்னு போனேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "உங்களுக்கு ஒரு இடம் கிடைக்குது, தெருவுக்கு ஒரு இடம் போகுது, இல்லையா?"ன்னாங்க. டீச்சர் டீச்சர்தான்.

நான் சொல்ல வந்ததையெல்லாம் அந்த ஒரு வரி நிறுத்திடுச்சு. உண்மையில டிரைவ்வேங்கறது அதுதான். கர்ப்பை உடைச்ச இடத்துல வேற யாரும் நிறுத்த முடியாது. யார் வேணா நிறுத்தலாம்னு இருந்த இடம் ஒருத்தருக்கு மட்டும்னு ஆயிடுது. கலிஃபோர்னியாவுல டொனால்ட் ஷூப்னு ஒரு பேராசிரியர் இருந்தார், 2025ல காலமானார். ஓசி பார்க்கிங்குக்கு ஊர் என்ன விலை குடுக்குதுன்னு 2005ல ஒரு தடிமனான புத்தகமே போட்டவர். அந்த மாதிரி வாதங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் 2023 நவம்பர்ல ஆஸ்டின் நகரசபை, கட்டடத்துக்கு இத்தனை கார் இடம் இருந்தே ஆகணும்ங்கற விதியை எடுத்துட்டது. ஊரே கார் நிறுத்தற இடத்தைக் குறைக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கற நேரத்துல நாங்க ஒண்ணு கேக்கறோம்.

எங்க முன்பக்கம் 50 அடி. கர்ப் உடைப்பும் ரெண்டு பக்கச் சரிவும் சேர்த்து 15 அடி போனா, மிச்சம் 35. நடுவுல போட்டிருந்தா அது ரெண்டு துண்டாகி ரெண்டுமே அரைகுறையா இருந்திருக்கும். ஓரமாப் போறதுனால சேர்ந்தாப்புல 35 அடி நிக்குது, ரெண்டு சின்னக் கார் நெருக்கிப் பிடிச்சு நிக்கலாம். இதை ஒரு பேப்பர்ல வரைஞ்சு கொண்டு போய்க் காட்டினேன். "புரியுது"ன்னாங்க. சரின்னு சொல்லலை. "உங்கம்மா சீக்கிரம் குணமாகட்டும்"னு மட்டும் சொன்னாங்க. மனசுக்குள்ள ஒரு முள்ளு மாதிரி இருந்தது. இன்னும் இருக்கு.

பர்மிட் வந்தது. அடுத்தது 811. இந்த நாட்டுல எங்கே தோண்டறதா இருந்தாலும் அந்த நம்பருக்குக் கூப்பிடணும், காசு கிடையாது. ரெண்டு வேலை நாள்ல வந்து தரையில கலர் கலரா கோடு போட்டுட்டுப் போவாங்க. சிவப்புன்னா கரண்ட், மஞ்சள் கேஸ், ஆரஞ்சு போன் கேபிள், நீலம் குடிதண்ணி, பச்சை சாக்கடை. எங்க வாசல்ல மார்கழிக் கோலம் மாதிரி இருந்தது. மஞ்சள் கோடு பட்டை போற வழியிலயே குறுக்கே போகுது! அந்த இடத்துல மட்டும் மெஷின் இல்லாம கையால தோண்டினாங்க. மரத்தைச் சுத்தி வேலி, வேலி போட முடியாத இடத்துல மண்ணு இறுகாம இருக்க மரத்தூள் கனமா, அடிமரத்தைச் சுத்தி பலகை வெச்சுக் கட்டு. கல்யாணப் பந்தல்ல வாழை மரம் கட்டின மாதிரி நின்னுது.

கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடி பலகை அடிச்சு வெச்சிருக்கறதை நகரத்து இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும். அவர் எங்க பட்டைகளைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். நடைபாதையிலதான் மண்டி போட்டு உட்கார்ந்துட்டார். டிஜிட்டல் லெவலை வெச்சு வெச்சுப் பார்க்கறார். விஷயம் இதுதான்: டிரைவ்வே நடைபாதையைக் குறுக்கே தாண்டற இடத்துல நடைபாதை தெருப் பக்கமா சாயக் கூடாது. 2 சதவீதம்தான், அதாவது 48 அங்குல அகலத்துக்கு ஒரு அங்குலம். கர்ப்லேருந்து ஏற வேண்டிய உயரம் முழுக்க அந்த 4 அடி புல் பட்டையிலயே ஏறிடணும். கார் டகால்னு ஒரு தூக்கு தூக்கும், தூக்கட்டும்; நடக்கறவங்களுக்குச் சமமா இருக்கணும். 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட வழியில வந்த விதி. பலகை ஒரு பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்கன்னு கிளம்பிட்டார். கான்கிரீட் லாரிக்குச் சொல்லி வெச்சிருந்த காண்ட்ராக்டர் முகத்தைப் பார்க்கணுமே!

எனக்கும் எரிச்சல்தான். அரை அங்குலம்! சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லிப் புலம்பினா, அம்மா ரொம்ப சாதாரணமா, "அந்த மஞ்சள் வீடு இருக்கே, அதும் வாசல்ல அப்படித்தான் இருக்கு. வாக்கர் தானா ரோட்டுப் பக்கம் இழுத்துண்டு போறது. அதனாலதான் நான் அந்தப் பக்கமே நடக்கறதில்லை"ன்னாங்க. தெருக்கோடி வரைக்கும் நடக்கச் சொல்லி பிசியோ பெண் எத்தனை தடவை சொல்லியிருக்கும். ஏன் போக மாட்டேங்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. அந்த மஞ்சள் வீட்டு வாசல்ல நான் தினம் நடக்கறேன், அது சாய்ஞ்சிருக்கறதே என் காலுக்குத் தெரிஞ்சதில்லை.

பலகையைச் சரி பண்ணி, திரும்ப வந்து பார்த்து, மூணு நாள் தள்ளி கான்கிரீட் ஊத்தினாங்க. காயறதுக்கு ஒரு வாரம் கார் ஏத்தாம விட்டோம். காண்ட்ராக்டர் முதல்ல சொன்ன சனி ஞாயிறு விலையை விட முக்கால் பங்கு அதிகமா செலவாச்சு, மறைக்காம சொல்லிடறேன். அதுல பர்மிட் கட்டணம் கொஞ்சம்தான். கையால தோண்டினது, மர வேலி, நடைபாதையைப் பெயர்த்துப் புதுசாப் போட்டதுதான் மிச்சம்.

அம்மா முதல் நாள் கார்லேருந்து இறங்கி மேடையில நின்னு, ரெண்டு பட்டையையும் பார்த்து, "நடுவுல புல்லை விட்டுட்டாளே, காசு போறலையா?"ன்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தாங்க. பிரதட்சிணம் மட்டும் வேண்டாம்னு உட்கார்ந்துட்டாங்க, அதுவும் வரும்.

எதிர் வீட்டம்மா இப்ப பாதி நாள் ரெண்டு வீடு தள்ளித்தான் நிறுத்த வேண்டியிருக்கு. மளிகை வாங்கிட்டு வர்ற அன்னிக்கு எங்க டிரைவ்வேல நிறுத்தி இறக்கிக்கோங்கன்னு தங்கமணி போய்ச் சொல்லிட்டு வந்தா. ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டாவது தடவை அம்மா திண்ணையில இருந்தாங்க. பாஷை தெரியாம ரெண்டு பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பீக்கன் உடைச்சுக்கிட்டிருந்தாங்க.

கார் மேல கொட்டை விழறதுக்கு ஒரு வழி பண்ணணும். கணக்குல இன்னும் 73 சதுர அடி பாக்கி இருக்கு. தங்கமணி துளசி மாடம் கட்டணும்ங்கறா, அம்மா அதை இன்னும் கொஞ்சம் பெரிசாக் கட்டணும்ங்கறாங்க. டேப்பைக் காணோம்.